மேலுதட்டில் விட்டுவைத்த மரம்

ஓய்வு பெற்றபின் சொல்லித்தர மட்டும் வந்துபோகும் நான், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாரிடமும் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் கொடுத்த புகைப்படம் திரையில் திறந்ததும், அதில் இருப்பது யார் என்று பார்ப்பதற்கு முன்பே உங்கள் கை அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறது. குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் படங்களுக்கு டச்சப் செய்துகொண்டிருந்தவள் நான். பருவை அழிப்பது, கன்னத்தில் வெளிச்சம் கூட்டுவது, மாப்பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாக்குவது என்று பல வருஷம் ஓடியது. எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் ஸ்டூடியோவில் வேலை குறைந்தது. பேட்டைப் பக்கம் இருக்கும் இந்த மரப் பட்டறைக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் சிஎன்சி இயந்திரம் மரத்தில் செதுக்கிவிடும் என்றார்கள். படம்தானே, எனக்குத் தெரியாத படமா என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இயந்திரத்துக்கு முகம் தெரியாது. வெள்ளை என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வந்த புதிதில் ஒரு கல்யாண ஜோடியின் படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் மீசை வாய்க்காலாகிவிட்டது. பெண்ணின் நெற்றிப் பொட்டு இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. மாப்பிள்ளை போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவர் மூக்கைவிட முன்னால் வந்து நின்றது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அந்தப் பலகையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: “எது வெளுப்பு, எது கருப்புன்னு பாக்காதிய. எது பக்கத்துல இருக்கு, எது தள்ளி இருக்குன்னு பாருங்க.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் பிழைத்தேன். சாமி படம், கோயில் கதவு, சர்ச் பீடம், வீட்டு வாசற்கால் என்று எது வந்தாலும் அதை வைத்தே சமாளித்தேன். ஆனால் அது போதாத ஒரு வேலையும் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கை துறுதுறுவென்று வருகிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் காலையில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஓர் அம்மா பட்டறைக்கு வந்தார். பெயர் பேச்சியம்மாள். பஸ்ஸில் வந்த களைப்பு தீரத் தண்ணீர் குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கம்பளித் தொப்பி போட்ட கைக்குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

“எம் மக பெத்த பேரன். கனடாவுல இருக்காவ. இத மரத்துல செதுக்கித் தருவியளாக்கா?”

“தரலாமே. செவுத்துல மாட்டவா?”

“மாட்டதுக்கு இல்ல. எங்க வீட்டுல அவியளுக்குக் கண்ணு தெரியாது. சக்கர வந்து ரெண்டு கண்ணையும் கொண்டுபோயிட்டு. தொட்டுப் பாக்கணுமாம்.”

கணவர் பெயர் சுடலைமுத்து. அந்த ஊர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் செல்வி. பேரன் பிறந்ததிலிருந்து போனில் படமாக வந்து குவிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே தாத்தாவை உரித்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் மட்டும் நம்பவில்லை.

“கண்ணு தெரியாதவன்கிட்ட என்னத்த வேணும்னாலும் சொல்லலாம்லா, நானே பாத்துச் சொல்லுதேன்னு நிக்காவக்கா,” என்றார் பேச்சியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நெஞ்சுல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்காவ. அதுக்கு முந்தி வேணுமாம்.”

எனக்கு அன்று இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. எத்தனையோ பேருக்குப் படம் செய்திருக்கிறேன். எல்லாம் கண்ணால் பார்க்கத்தான். ஒரு முகத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அதுவரைக்கும் வந்ததில்லை. இருந்த வித்தையை எல்லாம் அதில் இறக்கினேன். தொப்பியின் பின்னலை ஒவ்வொரு முடிச்சாக எடுத்தேன். நெற்றியில் விழுந்திருந்த முடியை இழை இழையாகப் பிரித்தேன். கண்ணில் பாவையைக்கூட விடவில்லை. தேக்குப் பலகையில் செதுக்கி முடித்து எண்ணெய் தடவியதும் பிள்ளை பலகையிலிருந்து எழுந்து வந்துவிடும்போல் இருந்தது. எங்கள் முதலாளி ஜெபராஜ் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். வேலை நன்றாக அமைந்துவிட்டால் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

புருஷனும் மனைவியும் வாங்கிப் போக வந்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி நல்ல உயரம். மில் சத்தத்தில் பேசிப் பழகிய உரத்த குரல். நாற்காலியில் உட்கார்ந்து பலகையை மடியில் வாங்கிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம்.

விரல்கள் பலகையில் மேலிருந்து கீழே இறங்கின. மறுபடி மேலே போயின.

“யம்மா, கோவிச்சுக்கிடாதிய,” என்றார் கடைசியில். “இது பச்சப் பிள்ளையா, பென்ஷன் வாங்குத கெழவனா?”

யாரும் சிரிக்கவில்லை.

“நெத்தியெல்லாம் உழுது போட்ட வயக்காடு மாதிரி இருக்கு. தலையில இது என்ன, பலாப்பழமா? கண்ணுல ஆணி அடிச்சு எடுத்தாப்பல ஓட்ட. மூக்கத் தேடுதேன், தேடுதேன், கெடைக்கல.”

ஜெபராஜுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, பாக்கதுக்கு அச்சு அசலா இருக்கு. வேணும்னா ஒங்க வீட்டுல கேளுங்க.”

“பாக்கதுக்கு இருக்கும் வே. நான் பாக்கலயே.”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. பலகையை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நானே தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பலகையில் செதுக்கும்போது நாம் முகத்தை அமுக்கித் தட்டையாக்குகிறோம். அரை விரல் உயரத்துக்குள் மூக்கு, கன்னம், காது எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மேலே வெளிச்சம் விழுந்து நிழல் உண்டாவதால் கண் அதை முழு முகமாக நிரப்பிக்கொள்கிறது. விரலுக்கு நிழல் தெரியாது. கண்ணுக்காக நான் போட்ட நுணுக்கம் எல்லாம் அவர் விரலுக்குச் சுருக்கமும் ஓட்டையுமாகப் போயிருந்தன.

“அண்ணாச்சி, ஒரு பிள்ளையத் தூக்குனா ஒங்க கை மொதல்ல எங்கன போகும்?” என்று கேட்டேன்.

அவர் காற்றில் ஒரு பிள்ளையை வாங்குகிறவர்போல் இரண்டு கையையும் நீட்டினார். “தாட உள்ளங்கையில இருக்கும். பெருவிரல் கன்னத்துல. பொறவு பைய மேல போவேன்.”

அவ்வளவுதான். பலகையே கூடாது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. பிள்ளையின் முகம் என்ன அளவோ அதே அளவில், தாடையைக் கையில் ஏந்துகிற மாதிரி, முன் பாதித் தலையாக வேண்டும். இன்னொரு தடவை செய்து தருகிறேன் என்றேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதை அப்போதுதான் பேச்சியம்மாள் சொன்னார். வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நான் செய்த வேலையை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ப் பிள்ளையை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தடவினேன். ஒரு பெண் தன் பிள்ளையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, “எஸ்தரக்காவுக்கு மேலுக்குச் சொகமில்லையோ?” என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். சொகத்துக்கு என்ன குறைச்சல்? ஒவ்வொரு முகத்திலும் எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பிள்ளையின் முகம் என்றால் கண்ணும் வாயும்தான். கைக்கு முகம் என்றால் கன்னம். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. மூக்கு ஒரு சின்ன மேடுதான், ஆனால் அதன் இரண்டு பக்கத்துச் சரிவு பிள்ளைக்குப் பிள்ளை வேறு. மேலுதடு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். காது ஒவ்வொன்றும் ஒரு ஊர். டச்சப் வேலையில் நான் இத்தனை வருஷம் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பேச்சியம்மாளிடம் எண் வாங்கிச் செல்வியை வீடியோவில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் துள்ளிவிட்டாள். அழகான படம் வேண்டாம், பக்கவாட்டில் வேண்டும், மேலிருந்து வேண்டும், தாடைக்குக் கீழிருந்து வேண்டும், முகம் எவ்வளவு பெரிசு என்று தெரிய ஒரு ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து எடு என்றேன். பிள்ளை தூங்கும்போது எடுத்து வரிசையாக அனுப்பினாள்.

அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மூக்குத் துவாரத்துக்குக் கீழே ஆரம்பித்து மேலுதடு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு. உதடு அந்த இடத்தில் லேசாக ஏறி இருந்தது. பேச்சியம்மாள் கொண்டுவந்த முதல் படத்தில் அது இல்லை. செல்போனே முகத்தை வழுவழுப்பாக்கிக் காட்டும் படம் அது. மறுபடியும் செல்வியைக் கூப்பிட்டேன்.

கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் திரையில் அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

“பொறக்கும்போதே மேலுதடு பிளந்து இருந்துச்சுக்கா. இங்கன தச்சுட்டாவ. இப்ப நல்லாருக்கான். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லல. அவிய நெஞ்சு இருக்க நெலமைல எப்பிடிச் சொல்லுதது? ஊருல, கிரகணத்துல வெளிய வந்திருப்பா, அதான் இப்பிடின்னு பேசுவாவ. அது அப்பா காதுக்குப் போகும்.” அவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அத விட்டுட்டுப் போடலாம்லாக்கா?”

போடலாம். அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. பரு அழித்தே வயிறு வளர்த்தவளுக்கு ஒரு கோட்டை அழிக்க எவ்வளவு நேரமாகும்? அன்று சாயங்காலம் பேச்சியம்மாளும் போனில் அதையேதான் கேட்டார். “எக்கா, வழுவழுன்னு போட்டுருங்க. ஆபரேஷன் முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்.” அவர் அழுதார். ஒரு பொய்யை அவ்வளவு காலம் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடியவர் அவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மறுபக்கத்தில் இருந்தவரை நினைத்துப் பார்த்தேன். ஊரே தனக்குப் பொய் சொல்கிறது என்று தெரிந்துதான் அவர் என்னிடம் வந்தார். என் கையிலிருந்து வாங்குவதாவது உண்மையாக இருக்கும் என்று நம்பி வந்தார். நான் கோட்டை அழித்துக் கொடுத்தால், அவர் விரலுக்கும் சேர்த்துப் பொய் சொன்னவளாவேன். செல்வியைக் கேட்காமல் கோட்டைப் போட்டுக் கொடுத்தாலோ, ஒரு தாய் தன் அப்பாவிடம் சொல்ல வேண்டிய செய்தியை நான் மரத்தில் எழுதி நீட்டியவளாவேன். நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிற மனுஷனுக்கு அதனால் ஏதாவது ஆகிவிட்டால்?

படத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நேரமும் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போது திடீரென்று ஒன்று விளங்கியது. இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியவள் நான் இல்லை. நம் தொழிலில் எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் விட்டுவைத்த மரத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மேலுதட்டை மட்டும் ஒரு மொத்தையாக விட்டுவிட்டு மற்ற முகம் முழுவதையும் முடித்துவிடலாம். அந்த இடத்துக்கு மட்டும் தனியாக இரண்டு படம் தயார் செய்து வைக்கலாம். கோடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

செல்வியிடம் அப்படியே சொன்னேன். “நீ சொல்லாம நான் கோடு போட மாட்டேன். ஆனா அப்பாவ ஏமாத்தணும்னா அத நீதான் எங்கிட்டச் சொல்லணும், அம்மா சொல்லி அந்தக் கோட்ட அழிக்க மாட்டேன். திங்கக்கெழம காலம்பற வரைக்கும் எடம் அப்பிடியே இருக்கும்.”

அவள் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த யோசனையில் ஒரு சிக்கல் இருந்தது. இயந்திரத்தின் மேசையில் இறுக்கிவைத்த மரத்தை வேலை முடியாமல் கழற்றக் கூடாது. கழற்றித் திரும்ப வைத்தால் மயிரிழை தள்ளிவிடும். உதடு இருக்கிற இடத்தில் மயிரிழை தள்ளினால் முகமே போச்சு. அதனால் திங்கட்கிழமை வரை இயந்திரத்தை வேறு எதற்கும் தொட முடியாது. ஆழ்வார்குறிச்சியில் ஒரு புது வீட்டுக்குக் கதவு செதுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

தேக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டையாக்கி, நீளமான வெட்டுமுனை பிட் மாட்டி ஓட விட்டோம். சனிக்கிழமை மத்தியானம் முகம் வெளியே வந்தது. ஜெபராஜ் வந்து பார்த்தார். தொப்பி இல்லை, முடி இல்லை, புருவம் இல்லை, கண்ணில் பாவை இல்லை. மூடிய இமை இரண்டு மேடு, அவ்வளவுதான். மூக்குக்குக் கீழே ஒரு மொத்தை.

“எக்கா, கொரங்கு மாதிரி இருக்கு,” என்றார் மெதுவாக. “இத வெளிய குடுத்தா பட்டற பேரு என்னாவும்? கதவுக்காரர் வேற நிக்காரு. இத எடுத்துட்டு அதப் போட்டுருவோம்.”

“கண்ண மூடுங்க முதலாளி,” என்றேன். அவர் கையைப் பிடித்து அந்தத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை உண்டு. விரல் கன்னத்தில் ஏறியதும் அவர் பேச்சை நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய்க் கதவுக்காரருக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பேச்சியம்மாள் கையில் துணிப்பை, பிளாஸ்க். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்பே செல்வியிடமிருந்து எனக்குச் செய்தி வந்திருந்தது: “அப்பா கையில மொகம் இருக்கும்போது நானே சொல்லுதேன்.” இயந்திரத்தை நிறுத்தி, பிட்டைக் கழற்றி வைத்தேன். அண்ணாச்சியைக் கைபிடித்து மேசையருகே கூட்டிவந்தேன். செல்போனை ஒரு பலகையில் சாய்த்து நிறுத்தினேன். திரையில் செல்வி. அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

அவர் கையை நீட்டினார். உள்ளங்கை தாடையில் பொருந்தியது. பெருவிரல்கள் இரண்டும் கன்னத்தில் போய் அப்படியே நின்றுவிட்டன.

“ஏட்டி, பேச்சி,” என்றார். “பிள்ள இருக்கான் இங்கன.”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சியின் விரல் நெற்றிக்கு ஏறியது, இமையில் இறங்கியது, காதுக்குப் போனது. காதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். “இது எங்கய்யா காது. மடல் ஒட்டியே இருக்கும். எனக்கும் இதே காதுதான்.” பிறகு மூக்கு. அதன் பக்கத்துச் சரிவில் விரலை மேலும் கீழும் ஓட்டினார். “மூக்கு நம்ம மூக்கு இல்ல. சம்பந்தி மூக்கு. என்னைய உரிச்சு வச்சிருக்குன்னு எத்தன பேரு சொன்னிய.”

செல்வி அங்கே சிரித்தாள். விரல் மூக்கிலிருந்து கீழே இறங்கியது.

“இங்கன என்ன, மொத்தையா இருக்கு? முடிக்கலையா யம்மா?”

நான் செல்போனை அவர் பக்கம் திருப்பினேன். ஜெபராஜ் மற்ற ஆட்களை ஏற்கனவே வெளியே அனுப்பியிருந்தார்.

“அப்பா,” என்றாள் செல்வி. “அந்த எடத்த எனக்காகத்தான் விட்டு வச்சிருக்காவ.”

எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்த அன்று பார்த்தது, பால் குடிக்க முடியாமல் பிள்ளை அழுதது, டாக்டர் தைத்தது, அதை மறைக்க அம்மாவிடம் சத்தியம் வாங்கியது. சொல்லும்போது ஒரு இடத்தில்கூட அழவில்லை. அவர் கையை அந்த மொத்தையிலிருந்து எடுக்கவில்லை. நான் அவர் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், ஆட்டோ வாசலில் நிற்கிறதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இப்ப பால் குடிக்கானா?” என்று கேட்டார்.

“நல்லாக் குடிக்கான்ப்பா.”

“சிரிக்கானா?”

“எப்பப் பாத்தாலும் சிரிப்புதான்.”

“பொறவு என்னத்துக்குளா மறைச்சிய?”

“ஒங்க நெஞ்சுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னுதான்.”

“எல்லாரும் பைய பைய வெளிய போயிப் போயி பேசுனியள, அப்ப ஆயிருக்கும் நெஞ்சுக்கு. பிள்ள செத்துப்போச்சோன்னுகூட ஒரு நா நெனச்சேன்.” அவர் குரல் உடைந்தது. உடனே தேற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “யம்மா, தையல் எங்கன ஓடுதோ அங்கன போடுங்க. அவனுக்கு இருக்கது எனக்கும் வேணும்.”

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

பிட்டை மாட்டினேன். கோடு உள்ள படத்தை ஏற்றினேன். அந்தக் கோட்டின் ஆழத்தை எத்தனை தடவை மாற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளத்தையும் விரல் பெரிதாகச் சொல்லும். மரமோ தசையைவிடக் கெட்டி. பார்த்ததைவிடக் குறைவாகப் போட்டால்தான் தொடும்போது உள்ளபடி இருக்கும் என்று முடிவு செய்திருந்தேன். அது சரியா என்று கேட்க ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் இரைந்தது. பட்டறைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அண்ணாச்சி அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். மொத்தை பொடிப் பொடியாகப் பறந்தது. உதடு வந்தது. கடைசியாக, மூக்குக்குக் கீழிருந்து அந்த ஒற்றைக் கோடு இறங்கியது. பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

இயந்திரத்தை நிறுத்தி, தூளை ஊதி, மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். அவர் விரல் வந்தது. மேலுதட்டில் நின்றது. கோட்டின் மேல் ஒரு தடவை போனது. திரும்ப வந்தது. இன்னொரு தடவை போனது.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

செல்வி அப்போதுதான் அழுதாள்.

“ஏளா, இம்புட்டுத்தானா? இதுக்கா எல்லாரும் பயந்திய?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டுக்கொண்டே சிரித்தார். பேச்சியம்மாளும் சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக வந்தது அவருக்கு. ஜெபராஜ் மேசைக்குப் பின்னால் திரும்பி நின்று எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார். நான் கட்டையைக் கழற்றி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அதைத் துணிப்பையில் வைக்க விடவில்லை. பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே மார்போடு வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் வைத்திருந்தாராம். நர்ஸ் வந்து கேட்டுத்தான் வாங்கினாராம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. வேலை வந்ததும் இது யார் கைக்குப் போகிறது, அவர்கள் இதை எப்படி வாங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கண்ணாலா, விரலாலா, எந்த வெளிச்சத்தில் என்று கேளுங்கள். படம் அதற்கு அப்புறம். முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் இல்லை என்று தோன்றினால், அந்த இடத்தில் மரத்தை விட்டுவையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இயந்திரம் சும்மா நிற்கும். முதலாளி முகம் சுளிப்பார். கதவுக்காரர் கத்துவார். நிற்கட்டும். அவசரத்தில் எடுத்த மரத்தைவிட நிதானமாக விட்டுவைத்த மரத்தால்தான் எனக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்துச் செல்வி ஊருக்கு வந்தாள். குடும்பத்தோடு ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்கள். பிள்ளை அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தான். மரத்தூளில் உட்கார்ந்து அதை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி தரையில் அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவனைப் பிடித்து மடியில் வைத்து, தாடையை உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலை மேலுதட்டுக்குக் கொண்டுபோனார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பையன் அந்தப் பெருவிரலை வாயில் வாங்கி ஓங்கிக் கடித்தான்.

“யாத்தே,” என்று கையை உதறினார் அண்ணாச்சி. வலியில் கண் கலங்கியிருந்தது. என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னார்: “யம்மா, நாலு பல்லு மொளச்சிருக்கு. ஒங்க மரத்துல இது இல்ல, பாத்தியளா?”